ஞாயிறு லீவு போட்ட தறிகள்

சுகாசினிக்குக் கோபம் வந்தால் பசிக்கும். லோகேஸ்வரன் அவளை ஏமாற்றியது தெரிந்த அன்று அவள் உட்கார்ந்த இடத்தில் ஒன்பது தோசை தின்றாள். பத்தாவதைக் கேட்டபோது அம்மா மேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரைடி கொல்லப் போற?" என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் அந்த ஒன்பது தோசைக்கு நியாயம் கிடைக்கும்.

சுகாசினி ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.பார்ம் முடித்தவள். மருந்துக்கடையில் நின்றுகொண்டு கவரின் மேல் "காலை, இரவு" என்று கிறுக்கிக் கொடுப்பதில் அவளுக்கு இஷ்டம் இல்லை. ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன்னால் அதை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்களே, அந்த கிளினிக்கல் ரிசர்ச் வேலைதான் வேண்டும் என்று இரண்டாம் வருஷத்திலேயே முடிவு செய்துவிட்டாள். அதற்குள் நுழைய ஒரே வாசல் இன்டர்ன்ஷிப். எங்கேயாவது ஆறு மாதம் பழகிய சான்றிதழ் இல்லாதவளை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். வேலையே தெரியாதவளைப் பழக்கவும் யாருக்கும் நேரம் கிடையாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

காஞ்சிபுரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ரிசர்ச் பிரிவு ஒன்று இருந்தது. அதன் கோஆர்டினேட்டர்தான் லோகேஸ்வரன். தாம்பரத்திலிருந்து தினமும் காரில் வந்துபோகிறவர். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியும் அதற்கு எதிரே இருந்த ஓட்டலும்தான். முட்டிவலிக்கான புது மாத்திரை ஒன்றை அப்போது அங்கே சோதிக்க இருந்தார்கள். குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்து மிதியை மிதிக்கிற நெசவாளிகள் முப்பது பேர் வேண்டும்.

"ஆர்வம் இருக்குது உனக்கு, நல்லது," என்றார் லோகேஸ்வரன். "ஆனா ஆர்வத்தை வச்சு நான் என்ன பண்றது? முட்டிவலி இருக்கிற நெசவாளிங்க இருபது பேர் லிஸ்ட் கொண்டு வா. பேரு, வயசு, எந்த முட்டி, எத்தனை வருஷமா, போன் நம்பர். கொண்டு வந்துட்டா இன்டர்ன்ஷிப் உனக்குத்தான்."

சுகாசினி பிள்ளையார்பாளையத்துக்குக் கிளம்பினாள். முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு. எல்லாரும் வீட்டில் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தாள். போனால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். பேச யாருக்கும் பொழுதில்லை. கல்லூரியில் கூடப் படித்த சங்கீதாவின் வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா இந்திராணி சிரித்தேவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையில வந்து நிக்கிறியேமா! நாங்க என்னா கவர்மென்ட் ஆபீசா நடத்திக்கினு இருக்கறோம்? தறிக்கு லீவு அமாவாசைதான். அன்னிக்கு வா, தெருவே சும்மா உக்காந்திருக்கும்."

சுகாசினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கூப்பிடு தூரத்துத் தெருவுக்கு என்றைக்கு விடுமுறை என்று இருபத்திரண்டு வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அமாவாசைக்குப் போனாள். அதன் பிறகும் விடாமல் மூன்று வாரம் போனாள். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சில வீடுகளில், "எந்தப் பக்கம்மா நீங்க?" என்று கேட்டு, பதில் வந்ததும் வாசலிலேயே நிறுத்திப் பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரையும் குடித்தாள், அவமானத்தையும் குடித்தாள். இன்டர்ன்ஷிப் கிடைக்கட்டும் என்று இரண்டையும் முழுங்கினாள். இருபது பேர் கேட்ட இடத்தில் முப்பத்து நாலு பேர் சேர்ந்தார்கள். சங்கீதாவின் அப்பா திருஞானசம்பந்தம் வேட்டியை ஒதுக்கி வலது முட்டியைக் காட்ட, அதையும் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டாள். "எதுக்குடி இதெல்லாம்?" என்று சங்கீதா கேட்டாள். சுகாசினி ஒளிவுமறைவு இல்லாமல் ஆஸ்பத்திரி பேரிலிருந்து லோகேஸ்வரன் நம்பர் வரை சொன்னாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது இதுதான்.

லிஸ்டை வாங்கிக்கொண்ட லோகேஸ்வரன், "சூப்பர்மா" என்றார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் கழுத்தில் புது ஐடி கார்டோடு சங்கீதா உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் லோகேஸ்வரன். "அந்தத் தெருவுக்கு அந்தத் தெருப் பொண்ணுதான் சரிப்படும். நீ போனா நாலு வீட்டுல உள்ள விட யோசிப்பாங்க. எனக்கு வித்தியாசம் எல்லாம் கிடையாது. ஊர் அப்படி, என்ன பண்ணச் சொல்ற?"

முப்பத்து நாலு வீட்டு வாசலில் நின்று அவள் எழுதிய லிஸ்ட் அவர் முழங்கைக்குக் கீழே கிடந்தது. சுகாசினி படியிறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து தோசைக்கல் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் மனதில் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டாள். லோகேஸ்வரன் ஒன்று, சங்கீதா ஒன்று. உண்மையைச் சொன்னால் சங்கீதா மேல்தான் ஆத்திரம் அதிகம். அந்த ஆள் யாரோ. இவள் நாலு வருஷம் பக்கத்து பெஞ்ச்.

அதற்குப் பிறகு அவள் வேலை தேடியதைத் தேடல் என்று சொல்ல முடியாது, வெறி என்றுதான் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைத்த ஆன்லைன் வகுப்புகளை எல்லாம் படித்தாள். அறுபத்தோரு மெயில் போட்டாள். பதினாலு பேர் பதில் போட்டார்கள், அதில் பதின்மூன்று பேர் இல்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒன்று கிண்டியில் ஒரு கம்பெனி. மருந்துக் கம்பெனிகளின் சார்பில் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அங்கே சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பது அவர்கள் தொழில். அங்கே இன்டர்வியூ எடுத்தது அனு என்கிற மானிட்டர்.

"குறிச்ச நாள்ல பேஷன்ட் வரல. என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் அனு.

"வரலைன்னு எழுதுவேன் மேடம்."

அனு பேனாவை மூடி வைத்தாள். "போன் பண்ணுவேன், வீட்டுக்கே போவேன்னு எல்லாரும் சொன்னாங்க. அதை எழுதணும்னு நீ ஒருத்திதான் சொல்லியிருக்க. ஆறு மாசம் ஒழுங்கா இரு. வேலையும் வாங்கித் தரேன்."

சேர்ந்த அன்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஒரு தாளில் கம்பெனி மேற்பார்வை பார்க்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் இருந்தது. இவற்றில் எதோடாவது உங்களுக்கு முன்பு தொடர்பு உண்டா, இல்லையா என்று கேள்வி. எட்டாவது வரியில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி, அதே முட்டிவலி மாத்திரை.

அவள் பேனா நின்றது. உண்டு என்று போட்டால் அந்தப் படியை மிதிக்கவே விடமாட்டார்கள். அவள் இல்லை என்று டிக் அடித்தாள். வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், அந்தப் பொய்க்கு மட்டும் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார், அப்புறம் கோபம் தணிந்துவிடும் என்று பயந்தாள்.

மூன்று மாதம் காலை ஐந்தரை பஸ்ஸில் கிண்டிக்குப் போய்வந்தாள். நாலாவது மாதம் அனு, "காஞ்சிபுரம் விசிட் இருக்கு. உங்க ஊர்தானே, நீயும் வா" என்றாள். சுகாசினி அன்று பையில் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போனாள்.

லோகேஸ்வரன் அனுவைப் பார்த்து "வாங்க மேடம்" என்று எழுந்தவர், பின்னால் வந்தவளைப் பார்த்துப் பாதியில் நின்றார். ஒரு நொடிதான். பிறகு யாரோ புதுப் பெண்ணைப் பார்த்ததுபோல் சிரித்தார். சுகாசினியும் யாரோ புது ஆளைப் பார்த்ததுபோல் வணக்கம் சொன்னாள். அந்த அறையில் அந்த நிமிஷத்தில் இரண்டு பேரும் சமமான பொய்யர்கள். மூலையில் சங்கீதா மெலிந்துபோய் நின்றாள்.

நோயாளிகளின் சம்மதப் படிவங்களை அனு எடுத்துக்கொண்டாள். டைரிகளைச் சுகாசினியிடம் தள்ளினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டைரி. தினமும் மாத்திரை போட்டேனா, எத்தனை மணி நேரம் வேலை செய்தேன், வலி பத்துக்கு எத்தனை என்று அவரவரே வீட்டில் எழுதி, மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முப்பது பேரில் ஒருவர் பாதியில் விலகியிருந்தார். மொத்தம் இருபத்தொன்பது டைரி.

சுகாசினி பேன் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தேதி சரி, மாத்திரை சரி, வலி ஆறில் தொடங்கி அழகாக மூன்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து இவன் யோக்கியன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா?

ஏழாவது டைரியில்தான் உறைத்தது. வேலை செய்த மணி என்கிற கட்டத்தில் எட்டு, எட்டு, எட்டு என்று ஆறு எட்டு, பிறகு ஒரு சைபர். மறுபடி ஆறு எட்டு, ஒரு சைபர். சைபர் விழுந்த தேதிகளைப் பார்த்தாள். எல்லாம் ஞாயிறு. மற்ற டைரிகளை அவசரமாகப் புரட்டினாள். இருபத்தொன்பதிலும் ஞாயிற்றுக்கிழமை சைபர். போனில் காலண்டரைத் திறந்து அமாவாசைகளைத் தேடினாள். ஒவ்வொரு அமாவாசையிலும் இருபத்தொன்பது பேரும் எட்டு மணி நேரம் நெய்திருந்தார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகள் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு அமாவாசையில் ஓடுகிறதாம். இதை எந்த நெசவாளியும் எழுதியிருக்க முடியாது. ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் தன் லீவை எல்லாருக்கும் போட்டுவிட்டிருக்கிறான். எழுத்தையும் இப்போது உற்றுப் பார்த்தாள். நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றியிருந்தார்கள், கையை மாற்றவில்லை. நாலு வருஷம் ரெக்கார்டு நோட்டில் பார்த்த கை. சங்கீதாவின் கை.

இரண்டு பேரும் ஒரே வலையில்! சுகாசினிக்கு ஆனந்தத்தில் பசித்தது.

அனுவிடம் போய் விஷயத்தை மட்டும் சொன்னாள். அனு பத்து டைரிகளைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, லோகேஸ்வரனையும் சங்கீதாவையும் கூப்பிட்டாள்.

லோகேஸ்வரன் ஆடிப்போவார் என்று சுகாசினி காத்திருந்தாள். அவர் ஆடவில்லை. டைரிகளைப் பார்த்தார், சங்கீதாவைப் பார்த்தார், குரலை உயர்த்தினார். "என்ன சங்கீதா இது? பேஷன்ட் எழுத வேண்டியதை நீ உக்காந்து எழுதியிருக்கியா? நம்பிக் குடுத்தேனேமா!" அனு பக்கம் திரும்பி, "இன்டர்ன் பண்ணின வேலை மேடம். எனக்கே இப்பத்தான் தெரியுது. நான் ஆக்‌ஷன் எடுக்கிறேன்" என்றார். சங்கீதா சுவரோரம் ஒதுங்கினாள்.

"டாக்டரை வரச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல எல்லாரும் இங்க இருக்கணும்," என்றாள் அனு. "டைரி எதுவும் இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது." ஆபீசுக்குப் போன் பேச அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வராந்தாவில் லோகேஸ்வரன் சுகாசினியின் பக்கத்தில் வந்து நின்றார். தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் எழுதிய முப்பத்து நாலு பேர் லிஸ்டின் போட்டோ.

"உன் கையெழுத்து. இந்த ஆய்வுக்கு ஆள் புடிச்சுக் குடுத்ததே நீ. உங்க ஆபீஸ்ல சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட, சொன்னா உன்னை இங்க அனுப்பவே மாட்டாங்க." மெதுவாகத்தான் பேசினார், அக்கறையாகக்கூட. "இதை நான் அந்த மேடத்துகிட்ட காட்டினா இன்னிக்கே உன் இன்டர்ன்ஷிப் காலி. இந்த ஃபீல்டுல இனி எவனும் சேக்க மாட்டான். எதுக்கு அதெல்லாம்? சங்கீதா எழுதினா, சங்கீதா போறா. உன் இடத்தைப் புடிச்சவதானே அவ? நீ சும்மா இரு, நானும் சும்மா இருக்கேன்."

பேரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சங்கீதா ஒழிவாள். மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும். காலையில் இரண்டு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இதில் ஒரு பொட்டலத்துக்காவது நியாயம் இருக்கிறது. ஆனால் இவர் பிழைத்துக்கொள்வார். இவரை அடிக்க வேண்டும் என்றால் அவளைக் காப்பாற்ற வேண்டும், தன் தலையையும் கொடுக்க வேண்டும். பழிவாங்க வந்தவளுக்கு இப்படியொரு சோதனையா என்று சுகாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சங்கீதாவைத் தேடிப் போனாள். அழுகிறாளா என்று பார்க்கத்தான் போனாள், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் சங்கீதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள். "மூணு தடவை வந்து செக் பண்ணிட்டுப் போனாங்கடி. ஒருத்தரும் ஞாயித்துக்கிழமையைப் பாக்கல."

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

"ஞாயிறு லீவுன்னு போடச் சொன்னது அவரு. தறிக்காரங்களுக்கு ஏது சார் ஞாயிறுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எழுதிக்கினே போனேன். என்னிக்காவது ஒருத்தர் நம்ம ஊரு ஆளு பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

"வாயத் தொறந்து நீயே சொல்லக் கூடாதா?"

"சர்டிபிகேட் அவரு கையில இருக்குதுடி."

"பேஷன்ட்டுங்க எழுதின நிஜ டைரி எல்லாம் எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டாரு. மூணு நாள் தொடர்ந்து வலி ஏழுக்கு மேல போனா ஆளை இதுலேர்ந்து எடுத்து, வேற வைத்தியம் பாக்கணும்ல? ஆளு கொறஞ்சா கம்பெனி கேள்வி கேக்கும். அதான் மாசாமாசம் எறக்கி மூணுக்குள்ள கொண்டு வந்து எழுதுன்னு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு. எல்லாம் போன்ல இருக்குது. காட்டினா நானும்தானே மாட்டுவேன்."

சுகாசினி ஒரு படி கிட்டே வந்தாள். "உங்கப்பாவும் இதுல இருக்கறாரே. அவரு டைரி?"

அனுவுக்கு முன்னால் அழாத சங்கீதா இப்போது உதட்டைக் கடித்தாள். "எட்டு, ஒம்போதுன்னு எழுதிக் குடுத்தாரு. நான் மூணுன்னு எழுதினேன். இன்னிக்கு அவருக்கு விசிட்டு. கீழ பெஞ்சில உக்காந்திருக்கறாரு."

அந்த முட்டியைத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு போனவள் சுகாசினி. இத்தனை மாதம் வைத்திருந்த கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல் ஒரு கோபம் வந்தது.

"கேட்டுக்கோ," என்றாள். "அந்த வாய்ஸ் மெசேஜை எல்லார் முன்னாடியும் நீ போடணும். அப்புறம் உங்கப்பாவை மேல கூப்புடுவாங்க. அவருகிட்ட நீயே சொல்லணும், உன் வாயால. இல்லைன்னா நீ ஒருத்திதான் எழுதினன்னு நானும் சேந்து சொல்லிட்டுப் போயிடுவேன்."

"அப்பாகிட்ட நீ சொல்லிடேண்டி. உன் காலைப் புடிச்சிக்கறேன்."

"மாட்டேன்."

இதை நியாயத்துக்காகக் கேட்டாள் என்று சொன்னால் அது பூசி மெழுகுவது. வலிக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அரை மணி கழித்து எல்லாரும் கூடினார்கள். எலும்பு டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் செருப்போடு வந்து உட்கார்ந்தார். ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான், ஆனால் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. லோகேஸ்வரன் தயாராகத் தொண்டையைச் செருமினார். அதற்குள் சுகாசினி எழுந்துவிட்டாள்.

"மேடம், எனக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் தொடர்பு உண்டு. இந்த ஆய்வுக்கு ஆளுங்க லிஸ்ட் எடுத்துக் குடுத்ததே நான்தான். இன்டர்ன்ஷிப் தரேன்னு எழுதி வாங்கிக்கினு இவரு என்னை வெளிய அனுப்பிட்டாரு. ஃபாரத்துல இல்லைன்னு நான் போட்ட டிக் பொய்யி."

லோகேஸ்வரன் பாக்கெட்டிலிருந்து பாதி எடுத்த போன் அப்படியே நின்றது. காட்டுவதற்கு இனி அதில் ஒன்றும் இல்லை.

அனு அவள் பக்கம் திரும்பினாள். "ஏன் பொய் சொன்ன?"

"இவரை மாட்ட வைக்கணும்னுதான் மேடம்."

"அப்போ நீ கண்டுபிடிச்சதா சொல்றதை நான் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாம். கீழ ஒரு பேஷன்ட் உக்காந்திருக்கறாரு. கூப்ட்டுக் கேளுங்க."

திருஞானசம்பந்தம் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. வலது காலை மடக்க முடியாமல் நீட்டியே வைத்திருந்தார். மூலையில் மகள் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, அமாவாசை அன்னிக்கு எத்தனை மணி நேரம் தறியில உக்காருவீங்க?" என்று கேட்டாள் அனு.

"அமாவாசையில தறியில உக்காருவாங்களாமா? தெருவுல யாரும் உக்கார மாட்டாங்களே."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கு நெய்யாம? அது எப்பவும்போல வேலை நாள்தான்."

அனு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். சங்கீதா முன்னால் வந்து போனை மேஜை மேல் வைத்து அழுத்தினாள். லோகேஸ்வரனின் குரல், நிதானமாக, கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. "இந்த மாசம் வலி எல்லாருக்கும் மூணுக்குள்ள போடும்மா. வேலை டெய்லி எட்டு, சன்டே சைபர். நாளைக்குள்ள முடிச்சிடு."

"மேடம், இது வேற ஒரு..." என்று எழுந்தார் லோகேஸ்வரன். அனு கையை உயர்த்தி உட்கார வைத்தாள். சுகாசினி அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தெருவுக்கு அந்தத் தெருப் பொண்ணுதான் என்று சொன்ன வாய் காய்ந்துபோய், எச்சில் முழுங்க வராமல் திறந்து திறந்து மூடியது. சட்டைக் காலர் நனைந்தது. இதைப் பார்க்கத்தான் அவள் அறுபத்தோரு மெயில் போட்டாள். பார்க்கப் பார்க்க இனித்தது.

பக்கத்தில் சங்கீதா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எழுதிக் கொடுத்ததைக் கிழித்தது, எட்டை மூன்று ஆக்கியது, எல்லாம். குரல் நடுநடுவே நின்று நின்று வந்தது.

"ராத்திரியெல்லாம் முட்டியைப் புடிச்சுக்கினு கத்துவனே," என்றது திருஞானசம்பந்தத்தின் குரல். "நீதானேமா எழுந்து வந்து தைலம் தேச்சு வுடுவ?"

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. சாயந்திரத்துக்குள் அந்த ஆஸ்பத்திரியில் சோதனையை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் வந்தது. லோகேஸ்வரனின் அறைச் சாவியை ஆஸ்பத்திரி நிர்வாகம் வாங்கிக்கொண்டது. விசாரணைக்குத் தேதி குறித்தார்கள், சங்கீதாவுக்கும் சேர்த்து. இருபத்தொன்பது பேரையும் உடனே கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று அனு டாக்டரிடம் எழுதி வாங்கினாள். முதல் ஆளாகத் திருஞானசம்பந்தத்தை அப்போதே வீல்சேரில் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார்கள். லோகேஸ்வரன் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

அனுவின் கார் கீழே நின்றது. கிண்டிக்குத் திரும்பப் போவது அவள் மட்டும்தான். சுகாசினி தன் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். அனு அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ இல்லைன்னா இது வெளிய வந்திருக்காது. அதையும் எழுதுவேன்," என்றாள். "ஆனா உன்னை வச்சுக்க முடியாது. பொய்க் கையெழுத்துப் போட்டவளை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் பொய்யை நான் புடிக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"வருத்தம் இல்லையா?"

"இல்ல மேடம்." உண்மையாகவே இல்லை. பையில் பிரிக்காத இரண்டு பொட்டலமும் அப்படியே இருந்தன, அவளுக்கு உலகப் பசி பசித்தது. "அவரு முகத்தைப் பாத்தீங்களா மேடம்?"

அனு கார்க் கதவைத் திறந்தபடி நின்றாள். "நான் அந்தப் பெரியவர் முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்," என்றாள். "பொண்ணு பேசிக்கிட்டு இருந்தப்போ."

கார் போய்விட்டது. சுகாசினி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள். அந்த முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. குரல் மட்டும்தான் கேட்டிருந்தாள். அந்த நேரம் முழுக்க அவள் லோகேஸ்வரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.